ஊர்ச் சின்னமும் கொழுந்தும்

ஜேர்மனி நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றுக்குத் தனிக்கொடியும் இலச்சினையும் உண்டு. வேந்தர்க்குரிய சிங்கத்தோடு நீராலைச் சக்கரமும் நெற்கதிரையொத்த கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் அவற்றில் இடம்பெறுகின்றன. ஊரை வாழ்விக்கும் உழைப்புக்கு ஊரார் செய்யும் சிறப்பு அது.

நமக்கும் இது புதிதன்று. மூவேந்தர் வில்லும் புலியும் கயலும் பொறித்தனர். பட்டினப்பாலையோ வாதிடும் ஆசிரியர் கொடியையும் கள் விற்போர் கொடியையும் கலங்களின் கொடியையும் ஒருங்கே காட்டுகின்றது.

எம்பிலிப்பிட்டியவுக்கு வடக்கே, இரத்தினபுரி மலைகளை வாழ்விப்பன தேயிலையும் இறப்பரும் ஆகும். ஆயினும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிட இடந்தரவில்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே அத்தடையை நீக்கிற்று. முப்பதாண்டு புறத்தே நின்றோர் இன்று ஊரார். ஆதலின், சபைகளின் சின்னத்தில் கொழுந்தும் இடம்பெறல் வேண்டும். அதனைக் கொய்யும் கையினர் வாழும் லயத்துக்குப் பாதையும் அமைதல் வேண்டும். அன்றேல் அச்சின்னம் வெறும் ஓவியமே.