ராத்திரியில் செந்தேள் கொட்டினால் மாத்திரைக்கு எங்கே போவது?

சித்திரை வெயில் ஏறிவிட்டால் பொன்னமராவதி வட்டாரத்தில் படுக்கை திண்ணைக்கும் மொட்டை மாடிக்கும் வந்துவிடும். பகலெல்லாம் கல்லிடுக்கில் பதுங்கிக் கிடந்த தேளும் அந்த நேரத்தில்தான் இரை தேடிப் புறப்படும். காரையூர், ஆலவயல், அரசமலைப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு தேள்கடிக் கதை இருக்கும். பெரியவர்கள் ஓர் இரவு வலியோடு தப்பிவிடுகிறார்கள். குழந்தைகள் விஷயம் அப்படியில்லை. இதைப் பொறுப்பில் இருப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நட்டுவாக்காலியைப் பார்த்துத்தான் ஊரே அலறும். கறுப்பாக, பெரிதாக, நண்டுக்கால் போன்ற தடித்த முன்கொடுக்குகளோடு இருக்கும். அது கொட்டினால் கடுக்குமே தவிர, உயிர் போவது மிக அரிது. ஆளைக் கொல்வது அதைவிடச் சின்னதான செந்தேள். முன்கொடுக்கு மெலிந்திருக்கும், வால் தடித்திருக்கும். அதன் விஷம் நரம்புகளில் சோடியம் போய்வரும் வாசலை மூடவிடாமல் செய்துவிடுகிறது. நரம்புகள் ஓயாமல் துடிக்கின்றன, அட்ரினலின் வெள்ளமாகப் பெருகுகிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, இதயம் திணறுகிறது. கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது. சில மணி நேரத்தில் இத்தனையும் நடந்து முடிந்துவிடும்.

பெற்றோர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கொட்டிய இடத்தில் வலி பொறுக்க முடியவில்லை, மற்றபடி உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பிள்ளை பெரிதாக அழவில்லை, ஆனால் வாந்தி எடுக்கிறது, உடம்பெல்லாம் வியர்க்கிறது, எச்சில் வடிகிறது, கைகால் சில்லிட்டுப் போகிறது, ஆண்பிள்ளைக்கு உறுப்பு விறைத்து நிற்கிறது என்றால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். "அழுகை நின்னுருச்சு, இனிப் பயமில்லை" என்று தூங்கவைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மந்திரிக்க, வெங்காயம் தேய்க்க, உப்புக் கரைசல் ஊற்ற என்று கழியும் ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பிள்ளையின் கணக்கிலிருந்துதான் போகிறது.

இதற்கு மருந்து இருக்கிறது. அதுவும் நம்மைப் போன்ற ஒரு கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்த மருத்துவம். மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1976-இல் பணிக்குச் சேர்ந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டியவர்கள் கண்ணெதிரே சாவதைப் பார்த்தார். ராப்பகலாக அவர்கள் பக்கத்திலேயே இருந்து அறிகுறிகளைக் குறித்துவைத்தார். ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் பிராசோசின் என்ற சாதாரண மாத்திரை, இறுகிய ரத்தக்குழாய்களைத் தளர்த்தி இதயத்தைக் காப்பாற்றுவதை 1980-களில் கண்டார். விஷம் உடலெங்கும் ஏறியவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் இறந்த நிலை மாறி, சாவு ஓரிருவராகக் குறைந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விலை மலிவு, விழுங்கினால் போதும், குளிர்பதனப் பெட்டி வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து வேறு என்ன?

ஆனால் எங்கள் பகுதியில் ராத்திரி நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு வலி ஊசிதான் கிடைக்கிறது, இல்லையென்றால் "புதுக்கோட்டைக்குக் கொண்டு போங்க" என்ற பதில். புதுக்கோட்டை சுமார் 40 கிலோமீட்டர். வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முதல் மாத்திரை கொடுக்கவேண்டிய நேரம் தாண்டிவிடும். அனுப்புவதில் தவறில்லை. முதல் மாத்திரையைக் கொடுத்து, படுக்கவைத்து, 108 வண்டியில் ஏற்றி அனுப்புங்கள் என்கிறோம். ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும் மருந்து என்பதால் இதை வீட்டில் வாங்கிவைத்துத் தாங்களாகக் கொடுக்க முடியாது. எடைக்கேற்ற அளவு தெரிந்தவர் கொடுத்து, பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதனால்தான் அரசைக் கேட்கிறோம்.

தென் அமெரிக்காவில் பிரேசிலைப் பாருங்கள். அங்கே மஞ்சள் தேள் ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும். ஒரே ஒரு பெண் தேள் ஒரு தெருச் சாக்கடைக்குள் புகுந்தால் போதும், கூட்டம் பெருகிவிடும். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் தேள் கொட்டுகிறது. ஒவ்வொரு கடியையும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி இருப்பதால்தான் இந்த எண்ணிக்கையே தெரிகிறது. சாவோ பாவுலோவின் புட்டாண்டன் நிறுவனம் விஷமுறிவு மருந்து தயாரிக்கிறது, பொது மருத்துவமனைகளில் அது இலவசம். கண்ட கண்ட பூச்சிமருந்தை அடிக்காதீர்கள், அது தேளைக் கொல்லாமல் பதுங்கிடத்திலிருந்து வீட்டுக்குள் விரட்டும் என்று மக்களுக்குச் சொல்லியும் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் செந்தேளுக்கு விஷமுறிவு மருந்து தயாராகிறது. பாவஸ்கர் 70 நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையோடு அதையும் சேர்த்துப் பெற்றவர்கள் சராசரியாக 8 மணி நேரத்தில் தேறினார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 17 மணி நேரத்துக்கு மேல் ஆனது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பொன்னமராவதி அரசு மருத்துவமனையிலும் இந்த விஷமுறிவு மருந்து எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். ஒன்றியத்தின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிராசோசின் இரவுப் பணியாளரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். செவிலியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாகத் தமிழக அரசு அறிவித்தது நல்ல காரியம். தேள்கடியையும் அதில் சேர்த்தால் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து தேவை என்பது தானே தெரிந்துவிடும்.

ஊர் செய்யவேண்டியதும் இருக்கிறது. பூட்டிக் கிடந்து சரிந்த பழைய வீடுகளின் ஓட்டுக் குவியல், தெருவோரம் கொட்டிய கட்டட இடிபாடு, சுவரோடு சேர்த்து அடுக்கிய விறகு எல்லாம் தேளுக்கு வீடு. கரப்பான் பூச்சி அதற்குச் சாப்பாடு. இடிபாடுகளை உள்ளாட்சி நிர்வாகம் கோடைக்கு முன்பே அள்ளட்டும். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும், படுக்குமுன் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

மே 1 கிராம சபை, தேள் நடமாட்டம் மிகுந்த பருவத்தில்தான் கூடுகிறது. ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் பிராசோசின் மாத்திரையைக் கேட்டுத் தீர்மானம் போட்டு, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறைக்கும் அனுப்புவோம்.