இடைவெளிக்குள் அடங்காத பிழை

முழுமைத் தொகுதியின் சராசரியை ஒரு கூறிலிருந்து மதிப்பிடும் பாடம் நம் வகுப்புகளில் பெரும்பாலும் வாய்பாட்டோடு முடிந்துவிடுகிறது. கூறுச் சராசரி, திட்டப்பிழை, அட்டவணை மதிப்பு. கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. சராசரி இவற்றுக்கிடையே இருக்க 95 சதவீத நிகழ்தகவு உண்டு என்று மாணவர் எழுதுகிறார். முழு மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறோம்.

1930களில் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் நம்பிக்கை இடைவெளியை வகுத்தபோது அந்த 95 சதவீதத்தைச் செய்முறைக்குத்தான் கொடுத்தார். சமவாய்ப்பு முறையில் திரும்பத் திரும்பக் கூறெடுத்து இடைவெளி போட்டுக்கொண்டே போனால், சராசரியாக நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மை மதிப்பைப் பிடிக்கும். கையிலுள்ள ஒற்றை இடைவெளி பிடித்ததா, தவறவிட்டதா என்பதைப் பற்றி அது பேசாது. இதைப் பல ஆசிரியர்கள் சரியாகவே விளக்குகிறார்கள். எனக்குள்ள கவலை அடுத்த படியில்: அளவீட்டிலேயே சாய்வு இருந்தால் அந்தத் தொண்ணூற்றைந்துக்கு என்ன பொருள்?

இதற்கு இயற்பியலாளர் மைக்கேல்சனின் தரவைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1879இல் அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தில் அவர் ஒளியின் வேகத்தை அளந்தார். அந்த 100 அளவீடுகள் 20 வீதம் ஐந்து தொகுதிகளாக இன்றும் ஆர் (R) புள்ளியியல் மென்பொருளோடு வருகின்றன. மதிப்புகளிலிருந்து நொடிக்கு 299,000 கிலோமீட்டரைக் கழித்து எழுதியிருப்பார்கள். முதல் தொகுதியின் சராசரி 909, நான்காவதன் சராசரி 820.5. கட்டின்மைக் கூறுகள் 19, டி மதிப்பு 2.093. கணக்கிட்டால் முதலாவதற்கு 860 முதல் 958 வரை. நான்காவதற்கு 792 முதல் 849 வரை. ஒரே ஆய்வாளர் ஒரே பொருளை அளந்தும் இரண்டு இடைவெளிகளும் ஒன்றையொன்று தொடவில்லை. நூறையும் சேர்த்தால் சராசரி 852.4, இடைவெளி 837 முதல் 868 வரை. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 299,792.458 கிலோமீட்டர் என்று 1983இல் வரையறுக்கப்பட்டது; அதே கழிப்பின்படி 792.458. காற்றில் அது இன்னும் குறைவு. எப்படிப் பார்த்தாலும் உண்மை மதிப்பு இந்த மொத்த இடைவெளிக்கு வெளியே கிடக்கிறது.

கணக்கில் எந்தத் தவறும் இல்லை. திட்டப்பிழை பிறப்பது அளவீடுகளின் சிதறலிலிருந்து. எல்லா அளவீடுகளையும் ஒரே பக்கம் தள்ளும் பிழை அதன் கண்ணில் படுவதே இல்லை. கூறின் அளவைப் பெருக்கினால் இடைவெளி சுருங்கும், சாய்வு அப்படியே நிற்கும். தவறான இடத்தில் குறுகிய இடைவெளி, அகன்ற இடைவெளியைவிட ஆபத்தானது.

புள்ளியியலாளர் மகலனோபிஸ் இந்தச் சிக்கலைக் கள ஆய்விலேயே எதிர்கொண்டார். வங்காளப் பயிர்க் கணக்கெடுப்புகளில் ஒரே பகுதியிலிருந்து தனித்தனிக் கூறுகள் எடுத்து, தனித்தனிக் குழுக்களிடம் ஒப்படைத்தார். அவர்களின் மதிப்பீடுகள் கூறெடுப்புப் பிழையை மீறி விலகினால் களப்பணியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். நம் நாட்டிலேயே வளர்ந்த இந்த உத்தி தொடக்கநிலைப் பாடத்தில் ஒரு பத்தியாகக்கூட இடம்பெறாதது வருத்தம் தருகிறது.

வினாத்தாள் அமைப்போரிடம் ஒரு வேண்டுகோள். இடைவெளி காண்க என்ற பத்து மதிப்பெண் வினாவில் நான்கைப் பிரித்து, தரவு எப்படித் திரட்டப்பட்டது என்று இரண்டு வரி கொடுத்து, இந்த இடைவெளி எந்தப் பிழையைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கேளுங்கள். மைக்கேல்சனின் முதல் தொகுதியையும் நான்காவதையும் அருகருகே கொடுத்தே தொடங்கலாம்.