எழுப்பியவர் கடன்

ஒரு துறையைக் கற்றுத் தேர்ந்தவர் தம் அறைக்குள் வருவோருக்கு மட்டும் அறிவை அளந்து கொடுத்தால் போதுமா, அறைக்கு வர வழியற்றோருக்கும் வர வேண்டும் என்றே தோன்றாதோருக்கும் அதைக் கொண்டுசேர்க்கும் கடன் அவருக்கு உண்டா என்பது உளவியலில் பழைய வினா. 1969ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக உரையாற்றிய ஜார்ஜ் மில்லர், உளவியலைப் பொதுமக்கள் கையில் கொடுத்துவிட வேண்டும், அவர்களே அதைத் தம் வாழ்வில் கையாளப் பழக வேண்டும் என்று வாதிட்டார். அரை நூற்றாண்டு கழிந்தபின் அந்தக் கொடை அவர் எண்ணியிராத வழியில் நடைபெறுகிறது; உள்ளங்கையளவு திரையில், ஒன்றரை மணித்துளிக் காணொளியில், பெரும்பாலும் முப்பது வயதை எட்டாதவர்களின் குரலில் அது வந்துசேர்கிறது. அதனை வரவேற்பதும், வரவேற்றபின் அதனிடம் சில கேள்விகளைக் கேட்பதும் நம் கடமை என்று கருதுகிறோம்.

வரவேற்பதற்கான காரணம் நம் பேச்சுமொழியிலேயே பதிந்திருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்பது சென்னையின் ஒரு பகுதி. 1794இல் தோன்றி, 1871இல் அங்கு இடம்பெயர்ந்த மனநலக் காப்பகத்தின் காரணமாக அந்த ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆயிற்று. திரைப்பட நகைச்சுவைக்கும் திண்ணைப் பேச்சுக்கும் பள்ளிச் சிறுவர் சண்டைக்கும் அது பயன்பட்டது. மருத்துவமனையின் முகவரி ஏளனமாக வழங்கிய சமூகத்தில் அதன் வாயிலில் நிற்க அஞ்சியோர் மந்திரிக்கப் போனார்கள், தாயத்துக் கட்டினார்கள், குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போனார்கள். கோயில் வாசலிலும் தர்கா முற்றத்திலும் பலர் பெற்ற ஆறுதல் மெய்யானது. அதனைக் குறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் எழுந்து ஓட இயலாமல் 28 பேர் மாண்டார்கள் என்பதை இம்மாநிலம் மறந்துவிடக் கூடாது. அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பங்களிற் பல கொடியவை அல்ல. நோய்க்குப் பெயர் தெரியாதவை, மருந்து உண்டென்று தெரியாதவை, தெரிந்தாலும் அயலார் நாவுக்கு அஞ்சியவை. சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்துவிட்டது. அயலார் நாவைத் தடைசெய்யச் சட்டத்துக்கு வழியில்லை.

அந்த நாவைத்தான் இளம் உளவியலாளர் மாற்ற முயல்கிறார். முதுகலை முடித்து, பயிற்சியும் முடித்து, வாடகை அறையொன்றில் கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு தாயின் குற்றமன்று என்றும், இரவெல்லாம் நெஞ்சு படபடப்பது பேய் பிடித்ததன் அடையாளமன்று என்றும், ஆண்பிள்ளை அழக் கூடாது என்பது எவரோ கற்றுக்கொடுத்த பாடம் என்றும் அவர் கொச்சைத் தமிழில் சொல்கிறார். அம்மொழி நம் தலையங்க மொழி அன்று. அதனாலேயே நாம் போய்ச்சேராத இடங்களுக்கு அது போகிறது. ‘மனசு சரியில்லை’ என்பதற்குமேல் ஒரு சொல்லும் வாய்க்காத இல்லத்தரசி, இரவு சமையல் முடிந்து அடுப்பைத் துடைத்தபின் அதைப் பார்த்து, தனக்கு நேர்வதற்கு ஒரு பெயர் உண்டென்று முதன்முறையாக அறிகிறார். இதை விளையாட்டென்று மூத்தோர் சிலர் ஒதுக்குகிறார்கள். முன்னோடிகளை அவர்கள் எண்ணிப்பார்க்கலாம். மனநல மருத்துவர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் தோன்றிப் படுக்கையறையைப் பற்றிய ஐயங்களுக்கு நகைச்சுவை கலந்து விடைசொன்னபோதும் முகஞ்சுளித்தவர்கள் இருந்தார்கள். மருத்துவர் ருத்ரன் வார இதழ்களில் மனநோயைப் பற்றி எழுதியபோது அதனைப் படித்துவிட்டு வீட்டில் மறைத்து வைத்தவர்களும் இருந்தார்கள். பின்னாளில் நாணமின்றி மருத்துவரைத் தேடிச் சென்ற தலைமுறைக்கு அவ்விரு மருத்துவர்களும் வழி செய்தவர்கள்.

எனினும் ஒரு வேற்றுமை உண்டு. மாத்ருபூதமும் ருத்ரனும் தொலைக்காட்சிக்கோ இதழுக்கோ வருமுன் பல்லாண்டுகள் நோயாளிகளின் எதிரில் அமர்ந்தவர்கள். அவர்தம் சொல்லுக்கும் வாசகருக்கும் இடையில் ஓர் ஆசிரியர் இருந்தார். இன்றைய இளைஞரின் சொல்லுக்கும் பார்ப்பவருக்கும் இடையில் இருப்பது ஒரு கணிப்பொறி. எது நிதானமாகவும் ஐயத்துடனும் சொல்லப்படுகிறதோ அதை அது பின்னுக்குத் தள்ளுகிறது. ‘இந்த ஐந்து அறிகுறிகள் இருந்தால் உங்களுக்கு இந்நோய்’ என்பதை முன்னுக்குக் கொணர்கிறது. டிக்டாக்கில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு பற்றிய 100 காணொளிகளைக் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவில், 52 காணொளிகள் தவறான கருத்தைத் தருவன எனக் கண்டார்கள். டிக்டாக் நம் நாட்டில் 2020இலேயே தடைசெய்யப்பட்டது. அந்தப் பழக்கம் வேறு செயலிகளில் குடிபுகுந்துவிட்டது. சாவியை வைத்த இடம் மறந்து தேடுவோரெல்லாம் அக்குறைபாடு உடையோர் என்றும், கருத்து வேறுபடும் கணவரெல்லாம் ‘நார்சிசிஸ்ட்’ என்றும் தீர்ப்பளிக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். மனச்சோர்வு என்ற சொல் ஞாயிற்றுக்கிழமை மாலையின் சலிப்புக்கும் வழங்கத் தொடங்கினால், மெய்யாகவே படுக்கையை விட்டு எழ முடியாதவர் அதே சொல்லைச் சொல்லும்போது அவரை நம்புவோர் குறைவர்.

இதனினும் இழிந்த வழக்கம் ஒன்று, பெயர் பெற்றவர்களின் மனத்தைத் தொலைவிலிருந்து அறுத்துப் பார்ப்பது. நடிகரின் மணமுறிவையும், ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் ஒருவர் அழுததையும் எடுத்துவைத்து, ‘உளவியலாளர் பார்வை’ என்று தலைப்பிட்டு நோய் சூட்டும் காணொளிகளுக்குக் குறைவில்லை. இவ்வழி முன்பே நடந்து பார்க்கப்பட்டது. 1964இல் ‘ஃபேக்ட்’ என்னும் அமெரிக்க இதழ், குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற பாரி கோல்ட்வாட்டர் அப்பதவிக்கு மனத்தளவில் தகுதியானவரா என்று மனநல மருத்துவர்களைக் கேட்டது. அவரை ஒருமுறைகூட ஆய்ந்தறியாத 1,189 பேர் தகுதியற்றவர் என்று விடையெழுதினார்கள். தேர்தலில் தோற்ற அவர் இதழின்மீது தொடுத்த அவதூறு வழக்கில் வென்றார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், தாம் நேரில் ஆய்ந்தறியாத, இசைவு தராத எவரைப் பற்றியும் மருத்துவக் கருத்து வெளியிடலாகாது என்று தன் உறுப்பினர்க்கு விதி வகுத்தது. துறை தன் நாணத்திலிருந்து கற்ற பாடம் அது. அதனைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்தவர்களுக்குப் பார்வை எண்ணிக்கை என்னவோ கிடைக்கிறது.

தம்மிடம் வந்தவரின் கதையைப் பெயர் மாற்றிச் சொல்வதும் அதே இனத்தைச் சேர்ந்தது. பெருநகரில் பெயர் மறைந்தால் ஆள் மறையலாம். ஆனால் மூன்று தெருக்களும் ஒரு பேருந்து நிறுத்தமும் உள்ள ஊரில், ‘நாற்பது வயது ஆசிரியை, கணவர் வெளிநாட்டில், இரண்டு பெண் குழந்தைகள்’ என்று சொன்னாலே ஊர் முழுதும் அறிந்துகொள்ளும். தம் நோயும் சிகிச்சையும் பற்றிய மறைகாப்பை மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. அவர் இசைந்தார் என்பதும் முழுமையான விடையாகாது. தம் துயரைத் தீர்ப்பார் என்று நம்பி எதிரில் அமர்ந்திருப்பவர் அந்த உளவியலாளரிடம் ‘இல்லை’ என்று சொல்வது எளிதன்று.

இனி, இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் கேள்விக்கு வருவோம். ஒரு காணொளி ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. அவர்களுள் ஒருவர் நள்ளிரவு கடந்து, முன்பின் அறியாத அந்த உளவியலாளருக்கே உள்பெட்டியில் எழுதுகிறார்: ‘இனி முடியாது’ என்று. எழுப்பியவர் உறங்கிக்கொண்டிருக்கிறார். அவர் உறங்க வேண்டியவர்தான். ஓர் ஆள் ஊரெல்லாம் காவல் காக்க இயலாது. ஆனால் உறங்கிக்கிடந்த துயரத்தை எழுப்பிவிட்டு, எழுந்தவர் எங்கே போவது என்று சொல்லாமல் விடுவதை விழிப்புணர்வு என்று நாம் ஏற்க இயலவில்லை. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை, 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசுகிறது; தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டரசின் 104 உதவி எண் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியாற்றும் சினேகா இருக்கிறது. இவற்றை ஒவ்வொரு காணொளியிலும் காட்டுவதும், இன்ன நேரத்தில்தான் விடைதர இயலும், நெருக்கடிக்கு இந்தப் பெட்டி உதவாது என்று முகப்பிலேயே எழுதி வைப்பதும், தமக்கு அப்பாற்பட்ட நோயை இன்ன மருத்துவரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. தம் கல்வித்தகுதி என்ன, எந்தப் பதிவேட்டில் தம் பெயர் உள்ளது என்பதைச் சொல்வதும் அத்தகையதே. உடல்நலம் பற்றிப் பேசும் சமூக ஊடகத்தார் தம் தகுதியை வெளிப்படுத்த வேண்டும் என்று நுகர்வோர் நலத்துறை 2023 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறையும் இதையே வேண்டுகிறது.

ஆனால் எந்தப் பதிவேடு என்று அந்த இளைஞர் திருப்பிக் கேட்டால் அரசு என்ன சொல்லும்? மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்கிறார்கள். ஏனைய உளவியலாளரையும் ஆலோசகரையும் ஒரு வரம்புக்குள் கொணரவிருந்த 2021ஆம் ஆண்டின் சட்டத்தை மாநிலங்கள் செயல்படுத்தாது காலங்கடத்தியமையால், உச்ச நீதிமன்றமே 2024 ஆகஸ்டில் தலையிட்டு நாள் குறிக்க நேர்ந்தது. ஆறு வாரப் பயிற்சி பெற்று ‘மனவள ஆலோசகர்’ என்று பலகை மாட்டியவருக்கும், ஆறேழு ஆண்டுகள் படித்தவருக்கும் திரையில் வேற்றுமை தெரிவதில்லை. தெரியாத வரையில் நாம் மேலே சொன்ன கட்டுப்பாடுகள் நேர்மையாளருக்குச் சுமையாகவும் மற்றவருக்கு வாய்ப்பாகவும் முடியும்.

எழுந்தவர் போவதற்கு இடம் வேண்டும் என்பது இன்னும் பெரிய சிக்கல். மனநல ஆய்வு நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நாட்டின் வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினர் அப்போது மனநலச் சிக்கலோடு வாழ்ந்ததாகக் கண்டது. நோய்க்கு நோய் வேறுபட்டு, அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தார்கள். இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை; கணக்கு 0.75 என்று நிற்கிறது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தம்மை மாய்த்துக்கொண்டார்கள் என்று தேசியக் குற்றப் பதிவேடுகள் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. நாட்டில் மகாராட்டிரத்துக்கு அடுத்த எண்ணிக்கை அது. நூறோ அதற்கு மேலோ மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வாடகை அறையில் கைப்பேசிக்கு முன் அமர்ந்திருக்கும் நம் இளைஞர் இருக்க வேண்டிய இடம் அது. பள்ளிகள் அவருக்கு முறையான ஊதியம் கொடுத்து அமர்த்தியிருந்தால், அவர் கணிப்பொறியின் தயவுக்காக அறிகுறிப் பட்டியல் ஓதியிருக்க மாட்டார். ஆலோசகர் பணியிடத்தை உடற்கல்வி ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துக் கணக்குக் காட்டும் வழக்கம் தொடருமாயின், அவ்வாணையும் கோப்பில் ஒரு தாளாகவே தங்கும்.

பிறருக்குக் கடமை சொல்லும்போது தன்னை விலக்கிக்கொள்வது இதழியலின் பழைய குற்றம். 1987இல் வியன்னா நாளிதழ்கள் தற்கொலைச் செய்திகளைப் பரபரப்பின்றிச் சுருக்கி எழுத இசைந்தபின், அந்நகரச் சுரங்க ரயில் நிலையங்களில் நேர்ந்த அத்தகைய சாவுகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் நெறிமுறை வகுத்தது: சாவின் வழியை விரித்துரைக்கலாகாது, முதற்பக்கத்தில் முழங்கலாகாது, ஒற்றைக் காரணம் கற்பிக்கலாகாது. அதற்குப் பின்னும் ஒவ்வொரு தேர்வு முடிவு நாளிலும் ‘மதிப்பெண் குறைந்ததால்’ என்ற மூன்றாம் வேற்றுமைத் தலைப்புகள் தமிழ் நாளேடுகளில் வந்துகொண்டிருக்கின்றன. நம் ஏடும் விதிவிலக்காக இருந்ததில்லை. இறந்த பிள்ளையின் சீருடைப் படத்தை வெளியிட்டுவிட்டு, உதவி எண்ணை இடமில்லை என்று விட்ட நாள்கள் நமக்கும் உண்டு. இனி அத்தகைய செய்தி எதுவும் உதவி எண்ணின்றி இவ்வேட்டில் வெளிவராது என்றும், படமும் வழிமுறையும் இடம்பெறா என்றும் ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. மாவட்டச் செய்திப் பக்கங்களை அவ்வளவுகோலைக் கொண்டு நாள்தோறும் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தவறு கண்டால் எழுதுக, வெளியிடுவோம்.