மனச்சோர்வு சோம்பல் அன்று!

பெரட்டுக்கு மூன்று நாள் வராத ஒரு தொழிலாளியின் பெயருக்கு நேரே செக்ரோலில் ‘ஆப்சென்ட்’ போட்டவன் நான். “சோம்பேறி” என்றார் மண்டோர். நானும் தலையாட்டினேன். பின்னரே தெரிந்தது: அவருக்கு இரவில் உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பால்வெட்டுக் கத்தியைத் தொடவே மனம் வரவில்லை. தோழர்களே, இது சோம்பல் அன்று, நோய்!

நம் நாட்டில் ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு உண்டு என்றது 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு. அவர்களுள் தோட்டத்து மக்கள் இல்லாமலா போவர்? பால் குறைந்தால் கூலி குறைகிறது, கடன் ஏறுகிறது, கவலை நோயை வளர்க்கிறது.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவர் சான்றளித்தால் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஆண்டுக்கு 14 நாள். 2 ஆண்டு வேலை செய்தவர்க்கு 18. 5 ஆண்டும் அதற்கு மேலும் செய்தவர்க்கு 22. ஆனால் 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்துக்குத் தகவல் போக வேண்டும். இல்லையேல் அது அனுமதியில்லா விடுப்பே.

வாய் திறக்கவே விடாத நோய் இது. லயத்தில் சுருண்டு கிடப்பவர் எப்படித் தகவல் சொல்வார்? பக்கத்து நிரைக்காரர் சொல்லட்டும்; கிளைச் செயலாளர் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லட்டும். கிராணிமார்களே, ‘ஆப்சென்ட்’ போடுமுன் ஆளைப் போய்ப் பாருங்கள்!