அடுப்படி எல்லோருக்கும் பொது
கொள்கைப் பிரகடனம்

அரிசிக்கு அலைந்த தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். இன்று தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். வயிறு நிறைகிறது, உடம்புதான் தேறவில்லை. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்தம் குறைவு. இருவரும் உண்பது ஒரே பானைச் சோறு.

இதற்கு நமக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: "வாயைக் கட்டு." கட்டிப் பார்த்தோம். திங்கட்கிழமை கேழ்வரகுக் கூழ், புதன்கிழமை பழையபடி பரோட்டா. நாக்கின் மேல் பழி போட்டு வெட்கப்பட்டோம். பிறகுதான் கணக்குப் பார்த்தோம். முருங்கைக்கீரையை உருவி, அலசி, வதக்கி இறக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. பஸ் பிடித்து இரவு எட்டு மணிக்கு வீடு சேரும் பெண்ணுக்கு அந்த நேரம் இல்லை. கூடமாட ஒத்தாசைக்கும் ஆள் இல்லை. அதனால் பாக்கெட் மாவு தோசையாகிறது. மறுநாள் சோறு மலையாகவும் பொரியல் ஒரு கரண்டியாகவும் தட்டில் விழுகிறது.

பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வந்தபோது இந்த மாநிலம் அவர்களுக்குப் புத்தி சொல்லவில்லை; சோறு போட்டது. 1956இல் காமராஜரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பின்னர் முட்டை, 2022இல் காலை உணவு. பிள்ளையின் தட்டு ஊர்ப் பொறுப்பானது. பெரியவர்களின் தட்டு வீட்டிலுள்ள எல்லோருக்கும் பொறுப்பாகட்டும். அதற்காகவே இந்த இயக்கம்.

எங்கள் கொள்கைகள்:

1. சாப்பிடுகிற எல்லோருக்கும் சமையலில் பங்கு உண்டு. கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது, பாத்திரம் கழுவுவது எதுவும் பெண்ணுக்கு மட்டும் எழுதிவைத்த வேலையல்ல.

2. கடைசியாகச் சாப்பிடுபவர் என்று வீட்டில் ஒருவர் இருக்கக் கூடாது. ஒருவேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். வீணாகிறதே என்று மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொள்ளும் அம்மாவை இனித் தடுப்போம்.

3. தட்டில் பாதி காயும் கீரையும். கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன். சோற்றை நாங்கள் விலக்கவில்லை, அளவுக்குள் வைக்கிறோம்.

4. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

5. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைப்போம். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் சத்து கூடுதலாகச் சேரும்.

6. "என்ன, இப்படிக் குண்டாயிட்டே?" என்ற கேலியும், "ஒருநாள்தானே, ஒண்ணும் ஆகாது, போட்டுக்கோ" என்ற வற்புறுத்தலும் எங்கள் வீடுகளில் இனி இல்லை.

வீட்டுக்கு வெளியே இரண்டு கேட்கிறோம். எல்லா ரேஷன் கடைகளிலும் அரிசியோடு கேழ்வரகும் கம்பும் வேண்டும். வேலையிடத்துக் கேன்டீனில் வடை, பஜ்ஜி இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் சுண்டலும் இருக்க வேண்டும், அதே விலையில்.

இந்த இயக்கத்துக்குச் சந்தா கிடையாது, கொடி கிடையாது. சேர நினைப்பவர் இன்றிரவே சேரலாம். ஒரு கட்டுக் கீரை வாங்கி வாருங்கள். டிவிக்கு முன்னால் செய்தித்தாளை விரித்துக் கீரையைக் கொட்டுங்கள். தாத்தா முதல் பேரன் வரை எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நாளைய சமையலுக்கு ஆய்ந்து வையுங்கள்.