இரண்டு சாட்சிகள்

சபைக் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுபவர்கள் பெரும்பாலும் ஒரு தேதியைச் சொல்வார்கள். அன்று ரட்சிக்கப்பட்டேன், அன்றோடு பழைய வாழ்க்கை போயிற்று என்பார்கள். ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டனுக்கும் அப்படி ஒரு தேதி உண்டு: 1748 மார்ச் 21. அட்லாண்டிக் புயலில் சிக்கிய 'கிரேஹவுண்ட்' கப்பலில், விசுவாசத்தைக் கைவிட்டிருந்த 22 வயது நியூட்டன் கடவுளைக் கூப்பிட்டார். அவருக்கு ஏழு வயது நிறையும் முன்பே இறந்துபோன தாய் சொல்லிக்கொடுத்த வேதபாடமும் பாட்டுகளும் அவருக்குள் எங்கோ கிடந்திருக்க வேண்டும். அந்த நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து நன்றி செலுத்தினார்.

ஆனால் பழைய வாழ்க்கை அன்றோடு போய்விடவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் விலங்கிடப்பட்ட ஆப்பிரிக்கர்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அவரை வேஷக்காரர் என்று தள்ளிவிட முடியாது. உண்மையாகவே ஜெபித்தார். பதினொரு வயதில் தகப்பனோடு கடலுக்குப் போனவர் அவர். சுற்றியிருந்தவர்களோ அடிமை வியாபாரத்தைக் கௌரவமான பிழைப்பாகவே எண்ணினார்கள். பழகிய கண்ணுக்குப் பாவம் தெரியவில்லை. 1754இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம்கூட மனசாட்சியன்று. திடீரென வந்த நோய்.

1764இல் இங்கிலாந்தின் ஓல்னியில் போதகரானார். அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் நூல் வெளியிட்டது 1788இல். புயலிலிருந்து அதுவரை நாற்பது ஆண்டுகள்!

அந்தச் சிறுநூலில் முதலில் தன் பங்கை ஒப்புக்கொள்கிறார். பிறகு கப்பலில் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள், கட்டைவிரல் திருகாணியால் எப்படி வதைத்தார்கள் என்று கண்டதை எழுதுகிறார். அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் முன்பும் நாடாளுமன்றக் குழு முன்பும் போய்ச் சாட்சி சொன்னார். அந்த வியாபாரத்தின் உள்ளும் புறமும் அறிந்தவரின் சொல்லை எளிதில் தள்ள முடியவில்லை. வெட்கப்பட்டு மறைத்திருக்க வேண்டிய அனுபவமே அவரைப் பேசவைத்தது. 1785இல், அரசியலை விட்டுவிடலாமா என்ற தவிப்போடு தன்னைத் தேடி வந்த, பின்னாளில் அடிமை வியாபாரத் தடைக்காகப் போராடிய இளம் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸை நாடாளுமன்றத்திலேயே இருக்கச் சொன்னவரும் இவர்தான்.

சபையில் சாட்சி சொல்கிறவர்கள், அந்தத் தேதிக்குப் பின்னும் தங்களிடம் மாறாமல் கிடந்ததையும் சேர்த்துச் சொல்லட்டும். நியூட்டன் சொன்னார்.

பிரிட்டனில் அடிமை வியாபாரத் தடைச் சட்டம் 1807 மார்ச் 25 அன்று நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரில், 82 வயதில் நியூட்டன் காலமானார்.