தமிழுக்கு எத்தனை அறை?

வினாயகபுரத்திலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்திருக்கிறார். இலண்டனிலிருந்து திரும்பிய அவருடைய சித்தப்பா, பிபிசி மைக்ரோ என்னும் பழைய வீட்டுக் கணினி ஒன்றைக் கொணர்ந்திருக்கிறாராம். மின்சாரம் கொடுத்ததும் திரை ஒளிர்கிறது. ஆங்கில எழுத்துகள் ஒழுங்காக வருகின்றன. "இதன் நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ள விரும்புகிறேன். அதனால் பயன் உண்டா? இதில் தமிழும் எழுதலாகுமா?" என்று கேட்கிறார். இரண்டாம் வினாவுக்குரிய விடை முதல் வினாவுக்குள்ளேயே கிடக்கிறது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே ஆராய்வோம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகோர்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட பொறி அது. பாடசாலைப் பிள்ளைகளை எண்ணிச் செய்யப்பட்டதாதலால் அந்நாட்டு வகுப்பறைகளில் பெரிதும் பரவிற்று. இந்தியாவில் 1984இல் 250 பள்ளிகளில் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணினிக் கல்வித் திட்டமும் இதனையே தேர்ந்தெடுத்தது. இதன் உள்ளே 65,536 அறைகள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வோர் அறைக்கும் 0 முதல் 65,535 வரை ஓர் இலக்கம் உண்டு. ஓர் அறையில் வைக்கக்கூடியது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண் மாத்திரமே. இவ்வறையைத்தான் பைட்டு என்கிறோம்.

ஓர் அறையைத் திறந்து பார்க்கிறோம், 65 இருக்கிறது. இஃது என்ன? 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தாயிருக்கலாம். திரையில் விழவேண்டிய இரண்டு புள்ளிகளாயிருக்கலாம். பொறிக்கு இட்ட கட்டளையின் ஒரு துண்டாகவும் இருக்கலாம். அவ்வறை எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைக் கொண்டே அதன் பொருளை அறியவேண்டும். காணி உறுதியில் வடக்கே இன்னார் வளவு, கிழக்கே வீதி என நான்கெல்லை எழுதுகிறோம் அல்லவா? நினைவகத்தின் படமும் அத்தகைய உறுதியே. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்து வேலியும் கல்லும் போனபின், உறுதியை விரித்தும் மூத்தோரை அழைத்து வந்து கேட்டும் வளவுகளை மறுபடி அளந்த கரை நம்முடையது. எல்லையை எழுதிவைக்க வேண்டியது ஏன் என்று அம்மாணவருக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

இனிப் படத்தை அடியிலிருந்து நோக்குவோம். முதல் 256 அறைகள் நடுச்செயலி மிக விரைவாக எட்டக்கூடியவை. ஆகவே அவற்றுக்குப் போட்டி அதிகம். அடுத்த 256, செய்துகொண்டிருந்த வேலையை இடையில் நிறுத்தி வேறொன்றைப் பார்த்துவிட்டு மீள்வதற்கான குறிப்பேடு. அப்பால் 3,583 வரை பொறியின் சொந்தப் புழக்கம். அதற்குள் 3,072 முதல் 3,327 வரையுள்ள 256 அறைகளை மாணவர் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொள்ளட்டும். விரைவில் அங்கே திரும்பி வருவோம். வட்டுக் கருவி பொருத்திய பொறியில் 6,399 வரை வட்டின் கணக்குப் புத்தகம். 6,400இல்தான் நாம் எழுதும் நிரலுக்கு இடம் தொடங்குகிறது. 'பிரிண்ட் பேஜ்' என்று விசைகளைத் தட்டினால் பொறியே இவ்விலக்கத்தைச் சொல்லும். 32,768 முதல் 49,151 வரை பேசிக் மொழி, அதற்குமேல் இயக்கமுறைமை. இவ்விரண்டும் அழியாத சில்லுகளில் பதிந்தவை.

மேற்பகுதியில் ஒரு விந்தை உண்டு. 64,512 முதல் 65,279 வரையுள்ள 768 இலக்கங்களைப் பொறி தன் வெளிக்கருவிகளுக்கு ஒதுக்கிவிட்டது. ஆனால் சில்லிலோ அவ்விலக்கங்களுக்குரிய இடம் இருக்கவே செய்தது. அதனை வீணாக்காமல், இப்பொறியை உருவாக்க உதவியவர்களின் பெயர்களை அங்கே பொறித்துவைத்தார்கள். பொறி தன்னுள் இருக்கும் அப்பெயர்களைச் சாதாரணமாகப் படிக்க இயலாது; சில்லைக் கழற்றி வேறொரு கருவியில் இட்டே படிக்கவேண்டும். படம் வரைந்து, 'இங்கே ஒரு மறைப்பு இருக்கிறதே' என்று ஐயுற்றவர் கண்ணுக்கே இத்தகையவை அகப்படும். 1983இல் வெளிவந்த 'அட்வான்ஸ்ட் யூசர் கைட்' என்னும் நூல் இவ்வறைகளைப் பகுதி பகுதியாக எடுத்து விளக்குகிறது. மாணவர் அதனைத் துணைக்கொள்வது நன்று.

திரைக்கும் நினைவகத்திலேயே இடம் வேண்டும். அது 32,767இலிருந்து கீழ்நோக்கி எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுக்கும் என்பது நாம் தேர்ந்த திரைமுறையைப் பொறுத்தது. 7ஆம் முறையில் 1,024 அறைகளே போதும். அம்முறையில் ஓர் எழுத்துக்கு ஓர் எண்ணை மட்டும் வைத்தால், அதன் வடிவத்தை வேறொரு சில்லு வரைந்து கொடுத்துவிடும். நிரலுக்கு 25,344 அறைகள் மிஞ்சும். சிக்கனமான ஏற்பாடுதான்! ஆனால் அச்சில்லுக்குத் தெரிந்தது ஆங்கிலம் மட்டுமே. அதற்கு வேறு வடிவம் கற்பிக்க வழியில்லை.

நாமே எழுத்தின் வடிவத்தை வகுப்பதானால் பிற முறைகளுக்குப் போகவேண்டும். எழுத்தின்மேல் புள்ளியையோ விசிறியையோ தனியே ஏற்றி அச்சிடவேண்டுமாயின் படம் வரையத்தக்க முறை வேண்டும். அவ்வாறானவற்றுள் 40 எழுத்து அகலமும் குறைந்த செலவும் உடையது 4ஆம் முறை. அது விழுங்குவது 10,240 அறைகள். நிரலுக்கு மிஞ்சுவது 16,128. ஆங்கிலத்துக்கு ஓராயிரம் அறை கேட்ட திரை, தமிழுக்குப் பத்தாயிரம் கேட்கிறது. யாரும் வஞ்சனையாகச் செய்ததன்று. எனினும் ஒரு மொழிக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதை இவ்வளவு துல்லியமாக வேறெந்த ஆவணமும் காட்டியதாக நமக்கு நினைவில்லை.

சிவப்பு மையிட்ட 256 அறைகளுக்கு இப்போது வருவோம். நாம் வகுக்கும் எழுத்துகள் குடியேறும் இடம் அதுதான். ஓர் எழுத்து 8 வரி உயரம், 8 புள்ளி அகலம். வரிக்கு ஓர் அறை. ஆக 32 எழுத்துகளுக்கே இடம். நம் அரிச்சுவடியிலோ 247. உயிர் 12, மெய்யுரு 18, ஆய்தம் 1 என்று வைத்த உடனேயே 31 நிரம்பிவிடும். புள்ளி, கால், விசிறிகள் இரண்டு, கொம்புகள் இரண்டு, ஐகாரக் குறி ஆகிய 7 குறிகள் வெளியே நிற்கும். உகர ஊகார வரிசையில் உரு மாறும் 36 வேறு. மொத்தம் 74. நம் கரையோரத்துப் பெயர்களை எழுத ஜகரமும் ஸகரமும் ஹகரமும் இன்றியமையா. கூடுதல் இடம் பெறக் கட்டளை ஒன்றுண்டு. ஒவ்வொரு 32 எழுத்துக்கும் நிரலின் நிலத்தில் 256 அறை போகும். 512 அறைகளை விட்டுக்கொடுத்தால் 96 எழுத்துகள் ஆகும். ஆங்கிலத்தை முற்றாக வெளியேற்றினாலும் இப்பொறியில் 224க்கு மேல் இயலாது.

உறுப்புகளாகப் பிரித்து வைக்கும் இவ்வழி புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது இந்த இடநெருக்கடியையே எதிர்கொண்டார். குறிகளைத் தனி விசைகளாக்கியே வென்றார்.

மாணவர் எளியதிலிருந்து தொடங்கட்டும். டகரத்துக்கு இடப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. 'விடியூ 23,128' என எழுதி, அதன்பின் 128 என்பதை ஆறு தரமும், 254, 0 என்பவற்றையும் காற்புள்ளியிட்டுத் தொடர்ந்தால் டகரம் பிறக்கும். முதலில் வந்த 128 எழுத்தின் எண். பின்வந்த ஆறும் இடக்கோடியிலுள்ள ஒவ்வொரு புள்ளி. ஒரே எண் இடத்துக்கு இடம் வேறு பொருள் தருவதை இங்கேயே காணலாம். பகரத்துக்கு எழுத்தெண் 129. ஆறு தரம் 130, பின் 254, 0. இவை முறையே 3,072இலும் 3,080இலும் தொடங்கும். ணகரத்தை 8 புள்ளி அகலத்துள் அடக்குவது தொல்லை; இரண்டு எழுத்தின் இடம் கொடுத்துவிடுவதே மேல்.

எழுத்துகள் திரையில் வந்துவிட்டன என்று மகிழ்ந்து நின்றுவிடலாகாது. வட்டில் சேமிக்கப்படுவது 129 என்னும் எண்தானேயன்றிப் பகரம் அன்று. 129 பகரம் என்று சொல்வது மாணவர் வகுத்த அட்டவணை ஒன்றே. இத்தொல்லையை நம் நாட்டு அச்சகங்கள் நன்கறியும். அங்கே நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் பகரம் ஆங்கில 'ஜி'யின் 103ஆம் எண்ணிலும் டகரம் 'எல்' எழுத்தின் 108ஆம் எண்ணிலும் அமர்ந்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கலியாண அழைப்பிதழ் புரியாத ஆங்கிலக் குவியலாகத் தோன்றிற்று. பாமினியின் அட்டவணை பலரிடம் இருந்தமையால் அவற்றைப் பின்னர் மாற்ற முடிந்தது. தனியொருவர் வகுத்த எண்களுக்கு அத்தகைய காவல் கிடையாது.

ஆகவே மாணவர் தாளில் மூன்று நிரல்களாகக் கோடிடட்டும். முதலாவதில் தம்முடைய எண், இரண்டாவதில் எழுத்து, மூன்றாவதில் இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோட் எண். யூனிகோட்டில் தமிழுக்குரிய தொகுதி 2,944 முதல் 3,071 வரை. 128க்கு நேரே டகரம், 2,975. 129க்கு நேரே பகரம், 2,986. எழுத்தல்லாத குறிகளுக்கும் விடாது எழுதவேண்டும். தாளின் ஒரு படி கணினிப் பெட்டியுள்ளும் இன்னொன்று சித்தப்பாவிடமும் இருக்கட்டும். 74 வரிகளும் நிரம்பியதும் நமக்கும் ஒன்று அனுப்பினால், ணகரத்தை அவர் எவ்வாறு அடக்கினார் என்பதைப் பார்க்க ஆவலாயிருக்கிறோம்.